பெல்ட் போடாத மனிதர்: 'போலீஸ் ஸ்டோரி' ப்ளூ-ரே தொகுப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குச் சினிமா விமர்சனம் எழுதிப் பழக்கமில்லை. சிங்கப்பூரில் 16 வருடம் கட்டுமான வேலை பார்த்தவன். முதல் ஐந்து வருடம் சாரம் கட்டினேன். அப்புறம் ஒவ்வொரு கோர்ஸாக முடித்து சேஃப்டி சூப்பர்வைசர் ஆனேன். போன வருடம்தான் ஒரேயடியாக மன்னார்குடிக்குத் திரும்பினேன். உயரத்தில் யாராவது நின்றால் என் கண் அவர் முகத்துக்குப் போகாது, இடுப்புக்குத்தான் போகும். பாதுகாப்பு பெல்ட் போட்டிருக்கிறாரா, கொக்கியை எதில் மாட்டியிருக்கிறார்? கோபுரத்துக்கு வர்ணம் பூசுகிறவரைக்கூட அப்படித்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறேன். கூட வருகிற மனைவியிடம் திட்டு விழுகிறது.

இப்படிப்பட்ட ஆள் ஜாக்கி சான் படத்தைக் காசு கொடுத்து வாங்கினால் என்ன ஆகும் என்பதுதான் இந்த விமர்சனம்.

வாங்கியது, 'போலீஸ் ஸ்டோரி' (1985), 'போலீஸ் ஸ்டோரி 2' (1988) இரண்டும் சேர்ந்த ப்ளூ-ரே தொகுப்பு. பழைய படங்களைச் சீர்செய்து வெளியிடும் அமெரிக்க நிறுவனம் ஒன்று 2019-இல் கொண்டுவந்தது. சிங்கப்பூரில் இருக்கும்போதே வரவழைத்தேன், கப்பல் கூலியோடு 78 சிங்கப்பூர் வெள்ளி. பெட்டியின் ஒரு மூலை நசுங்கித்தான் வந்து சேர்ந்தது. அனுப்பியவருக்குப் படம் எடுத்துப் போட்டேன், வட்டு ஓடுகிறதா என்று கேட்டார். ஓடியது. அதோடு பேச்சு முடிந்தது.

வாங்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். ப்ளூ-ரேக்கு மண்டலம் என்று ஒன்று உண்டு. இந்த வட்டு 'ஏ' மண்டலத்துக்கு உரியது. அமெரிக்கா, ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா எல்லாம் அதில் வரும். இந்தியா 'சி' மண்டலம். நம் ஊர்க் கடையில் வாங்கிய பிளேயரில் போட்டால் ஓடாது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சிங்கப்பூர் பிளேயரையே சட்டை துணிக்கு நடுவில் சுற்றி விமானத்தில் கொண்டுவந்தேன். இல்லாவிட்டால் 78 வெள்ளிக்கு இரண்டு பளபளப்பான தட்டுகள்தான் மிச்சம். வசன எழுத்து ஆங்கிலத்தில் மட்டும். தமிழ்க் குரலில் பார்த்துச் சிரித்துப் பழகியவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியலாம்.

எனக்கு அந்தப் பழக்கம் வருவதற்கு முன்பே ஜாக்கி வந்துவிட்டார். நான் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் எங்கள் தெருவில் திருவிழாவுக்கு டெக் வாடகைக்கு எடுப்பார்கள். விடிய விடிய நாலு படம். நாலாவதாக ஜாக்கி படம் போட்டால்தான் யாரும் தூங்கப் போகமாட்டார்கள். கேசட் தேய்ந்து தேய்ந்து, திரையில் மழை பெய்கிற மாதிரி கோடு ஓடும். அதில் ஒருவர் கம்பத்தில் சறுக்கி இறங்குவார், பொறி பறக்கும், கண்ணாடி உடையும், தெருவே கைதட்டும். அவ்வளவுதான் தெரிந்தது.

இப்போது 4கே அளவில் சீர்செய்த படம். கோடு இல்லை, புள்ளி இல்லை. நிறம் நேற்று எடுத்த மாதிரி இருக்கிறது. வந்த வம்பு என்னவென்றால், எல்லாமே தெரிகிறது.

எட்டாவது படிக்கும் மகனை உட்காரவைத்துத்தான் பார்த்தேன். முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒரு மலைச்சரிவு, முழுக்கக் குடிசைகள். கார்கள் சாலையை விட்டு நேராகக் குடிசைகளை இடித்துக்கொண்டே கீழே இறங்கும். இடிப்பதற்கென்றே அத்தனை குடிசைகளையும் கட்டியிருக்கிறார்கள். அடுத்தது பஸ். மாடி பஸ்ஸின் ஜன்னலில் குடைப்பிடியைக் கொக்கியாக மாட்டி ஜாக்கி தொங்கிக்கொண்டு போவார். மரப்பிடி நழுவியதால் இரும்புக் குடை செய்து மாட்டினார்கள் என்று படித்திருக்கிறேன். கொக்கி மாட்டினார் என்று கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். ஆனால் கொக்கியின் மறுமுனை இடுப்பில் இல்லை, உள்ளங்கையில் இருக்கிறது.

அந்த பஸ் காட்சியின் முடிவை டெக்கில் நாங்கள் சரியாகப் பார்த்ததே இல்லை. நடுரோட்டில் ஜாக்கி துப்பாக்கியோடு நிற்பார், பஸ் பிரேக் போடும், மேல்மாடிக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஆட்கள் வந்து ரோட்டில் விழுவார்கள். அவர்கள் விழுந்திருக்க வேண்டியது எதிரே நின்ற காரின் மேல். பஸ் நின்ற கணக்குத் தப்பியதால் நேராகத் தார் ரோட்டில் விழுந்தார்கள். அதையே படத்திலும் வைத்துவிட்டார்கள். சீர்செய்த படத்தில் அவர்கள் விழுகிற விதம் தெளிவாகத் தெரிகிறது. நடிப்பில் விழுகிறவன் கையை மடக்கி உருளுவான். உண்மையில் விழுகிறவனுக்குக் கையை மடக்க நேரம் கிடைக்காது. இந்த வித்தியாசம் எனக்குத் தெரியும். எங்கள் சைட்டில் ஒரு தம்பி நாலு மீட்டரிலிருந்து விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்திவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன்.

கடைசிச் சண்டை நடப்பது, ஹாங்காங்கின் சிம் ஷா சுயி பக்கத்தில் உள்ள விங் ஆன் வணிக வளாகம். உடையாத கண்ணாடி மிச்சமில்லை. சண்டைக்குப் பயன்படுத்தும் போலிக் கண்ணாடியையே வழக்கத்தைவிடத் தடிமனாகச் செய்யச் சொல்லியிருக்கிறார் ஜாக்கி, மெல்லிசாக இருந்தால் உண்மைபோல் தெரியாது என்று. படக்குழுவில் இருந்தவர்கள் இந்தப் படத்துக்கு 'கிளாஸ் ஸ்டோரி' என்றே பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்புறம் அந்தக் கம்பம். மேல்மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்று, ஒரு கத்துக் கத்திவிட்டு, எட்டாத தூரத்தில் இருக்கும் கம்பத்துக்குப் பாய்கிறார். கம்பம் முழுக்கச் சரவிளக்கு. விளக்குகள் ஒவ்வொன்றாக வெடிக்க வெடிக்கச் சறுக்கிக் கீழே வந்து, ஒரு கண்ணாடிக் கூரையை உடைத்துக்கொண்டு தரையில் விழுகிறார். 20 மீட்டருக்குக் குறையாது என்று என் கண் சொல்கிறது. சிங்கப்பூரில் 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்பிருந்தாலே பெர்மிட் எழுதி, கையெழுத்து வாங்கி, அட்டையை மாட்டிவிட்டுத்தான் ஆளை மேலே ஏற்ற வேண்டும்.

"அப்பா, அவருக்கு பெல்ட் எங்க?" என்று கேட்டான் மகன். என் வளர்ப்பு!

பெல்ட் மட்டுமா இல்லை? அந்தச் சரவிளக்குக்குக் கார் பேட்டரியிலிருந்து குறைந்த மின்சாரம் கொடுப்பதாகத்தான் ஏற்பாடு. ஆனால் யாரோ நேரடி மின்சாரத்திலேயே செருகிவிட்டார்கள் என்று ஜாக்கி பல இடங்களில் சொல்லியிருக்கிறார். உள்ளங்கைத் தோல் வெந்துவிட்டது. முதுகெலும்பில் அடி, இடுப்பெலும்பு நழுவியது. எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. வேலை நடக்கிற இடத்தின் சுவிட்சைப் பூட்டி, சாவியை வேலை செய்கிறவன் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பூட்டு, ஒரு அட்டை, மொத்தமே பத்து வெள்ளி ஆகாது. படத்தில் அந்தப் பாய்ச்சலைத் தொடர்ந்து மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டுகிறார்கள். டெக் காலத்தில் அது கேசட் கோளாறு என்று நினைத்தோம். இப்போதுதான் புரிகிறது, ஒரே தடவை செய்ததை மூன்று தடவை காட்டுகிறார். காட்டட்டும், அவர் கொடுத்த விலைக்கு முப்பது தடவைகூடக் காட்டலாம்.

அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "ஏங்க, இந்த மனுசனுக்குப் பொண்டாட்டி புள்ள கிடையாதா?"

உண்டு. தைவான் நடிகை ஜோன் லின்னை 1982-இல் ரகசியமாக மணந்தார். இந்தப் படம் எடுத்தபோது மகனுக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. நல்ல கணவனாகவும் நல்ல தகப்பனாகவும் தான் இருந்ததில்லை என்று வயதான பிறகு அவரே ஒத்துக்கொண்டார். அதை மனைவியிடம் சொன்னேன். "அதானே" என்றாள்.

இரண்டு படத்துக்காக மட்டும் என்றால் இந்த விலை அதிகம். கூடவே வரும் துணைப்படங்களுக்காகத்தான் நான் சிபாரிசு செய்வேன். அவற்றில் என்னைப் பிடித்து உட்காரவைத்தது, பீக்கிங் ஓபரா என்ற சீனப் பாரம்பரிய மேடைக்கலையின் பயிற்சி பற்றி 1964-இல் எடுத்த ஒரு சின்ன ஆவணப்படம். அதைப் பார்த்த பிறகுதான் ஜாக்கியின் கதையே எனக்கு விளங்கியது.

அவர் பிறந்தது 1954-இல், ஹாங்காங்கில். பெற்றோர் சீனாவிலிருந்து தப்பி வந்தவர்கள், பிரெஞ்சுத் துணைத்தூதர் வீட்டில் வேலை பார்த்தார்கள். அப்பாவுக்கு ஆஸ்திரேலியாவில், கான்பெராவின் அமெரிக்கத் தூதரகத்தில் சமையல் வேலை கிடைத்தபோது, ஏழு வயதுப் பையனை யூ ஜிம்-யூன் என்ற ஆசிரியரின் ஓபரா பள்ளியில் பத்து வருட ஒப்பந்தத்தில் விட்டுவிட்டுப் போனார். பயிற்சியில் அடித்ததில் செத்துப்போனாலும் கேள்வி இல்லை என்கிற ஒப்பந்தம் என்று ஜாக்கியே எழுதியிருக்கிறார். விடியற்காலையிலிருந்து கரணம், தலைகீழாக நிற்பது, பிரம்படி. பின்னாளில் சண்டைப்பட நட்சத்திரங்களான சாமோ ஹங், யுன் பியாவ் எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் அடிவாங்கியவர்கள்தான். பத்து வருடம் முடிந்து வெளியே வந்தால் ஓபராவைப் பார்க்க ஆள் இல்லை. கற்றது என்ன? விழுவது. விழுகிறவனுக்கு எங்கே வேலை? சினிமாவில்.

1972-இல் வந்த 'ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி' கடைசிச் சண்டையில் புரூஸ் லீயின் உதை வாங்கிக் கதவோடு பறந்து தோட்டத்தில் விழுவது வில்லன் இல்லை, வில்லனுக்காக விழுந்த ஜாக்கி. அடுத்த வருடம் 'என்டர் தி டிராகன்' படத்தில் லீயிடம் முடியைப் பிடித்துக் கழுத்து முறிபடும் அடியாட்களில் ஒருவர். முகம் ஒரு நொடிதான் தெரியும்.

இதற்கடுத்த பகுதியைத்தான் நான் சைட்டில் எல்லாரிடமும் சொல்லித் திரிந்தேன். படவாய்ப்பு இல்லாமல் 1976-இல் அப்பா அம்மாவைத் தேடி கான்பெராவுக்குப் போனவர், அங்கே கட்டுமான வேலை பார்த்தார். நம்ம ஆள்! ஜாக் என்று ஒருவர் அவரைக் கூட வைத்துக்கொண்டார். சீனப்பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, அதனால் இவர் 'சின்ன ஜாக்'. அதுவே தேய்ந்து ஜாக்கி ஆனது. உலகம் பூராவும் தெரிந்த அந்தப் பெயர் ஒரு கட்டட சைட்டில் வைத்தது. வேலை தொடங்கும் முன் பாதுகாப்பு பற்றிப் பேசும் எங்கள் காலை நேரத்து டூல்பாக்ஸ் மீட்டிங்கில் இதைச் சொன்னபோதுதான் வங்காளதேசத்துத் தம்பிகள் முதல்முறையாகக் கொட்டாவி விடாமல் கேட்டார்கள்.

வில்லி சான் என்ற சினிமாக்காரர் ஹாங்காங்கிலிருந்து தந்தி அடித்துக் கூப்பிட்டார். திரும்பிப் போய், புரூஸ் லீயின் அச்சில் வார்க்கப் பார்த்த சில படங்களில் தோற்றார். 1978-இல் யுன் வோ-பிங் இயக்கத்தில் 'ஸ்னேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ', 'டிரங்கன் மாஸ்டர்' என்று இரண்டு படம். லீ வலியைக் காட்டமாட்டார். இவர் அடிவாங்கினால் கையை உதறுவார், ஊதிக்கொள்வார், ஓடுவார். ஜனங்களுக்கு அது பிடித்தது.

பெட்டியில் 1989-இல் வந்த பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றும் இருக்கிறது. முப்பத்தைந்து வயது ஜாக்கியை அதில் பார்க்கலாம். அதைவிட எனக்குப் பிடித்தது பென்னி லாய் பேட்டி. இரண்டாம் படத்தில் வாய்பேசாத வெடிகுண்டுக்காரனாக வந்து ஜாக்கியை உதைத்து எடுப்பாரே, அவர்தான். ஜாக்கியின் ஸ்டண்ட் குழுவைச் சேர்ந்தவர். இந்தக் குழுவைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஆனால் பெட்டியில் அதற்கு இடம் குறைவு. 'புராஜெக்ட் ஏ' படத்தில் மணிக்கூண்டிலிருந்து இரண்டு துணிக்கூரைகளைக் கிழித்துக்கொண்டு ஜாக்கி விழுவது ஊருக்கே தெரியும். அவருக்கு முன்னால் அதே இடத்தில் விழுந்து பார்த்தவர் மார்ஸ் என்ற குழு ஆள். 'போலீஸ் ஸ்டோரி'யிலும் கூடவே வரும் போலீஸ்காரராக நடித்திருக்கிறார், முகத்தைப் பார்த்தால் பழகிய ஆள்போல் இருக்கும். காப்பீட்டு நிறுவனங்கள் இந்தக் குழுவை ஏற்காததால் ஆஸ்பத்திரிச் செலவைத் தானே பார்த்துக்கொண்டதாக ஜாக்கி சொல்லியிருக்கிறார். நல்ல முதலாளிதான். ஆனாலும் கம்பெனி காசு கொடுத்தது என்பதற்காக விபத்து அறிக்கையை யாரும் கிழித்துப் போடுவதில்லையே. தார் ரோட்டில் விழுந்த அந்த ஆட்களைப் பற்றிப் பெட்டியில் தனியாக ஒரு பத்து நிமிடமாவது வைத்திருக்கலாம். எனக்கு இதுதான் இந்தத் தொகுப்பில் பெரிய குறை.

படங்களின் குறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் படத்தின் நடுப்பகுதியில் வரும் கேக் அடி, தொலைபேசிக் குழப்பம் எல்லாம் எங்கள் தெருத் திருவிழாவோடு முடிந்திருக்க வேண்டியவை. காதலியாக வரும் மேகி சாங்கைக் கத்தவும் விழவும் மட்டுமே வைத்திருக்கிறார்கள். பின்னாளில் எவ்வளவு பெரிய நடிகை ஆனார்! இரண்டாம் படம் நீளம், கதையும் சுற்றுகிறது. விளையாட்டுப் பூங்காச் சண்டையும், கடைசியில் வெடித்துச் சிதறும் பட்டாசுத் தொழிற்சாலையும்தான் அதைத் தூக்கி நிறுத்துகின்றன. அதே படத்தில் சரிந்து விழும் இரும்புச் சட்டங்களுக்கு இடையே ஓடும்போது மேகி சாங்கின் தலையில் உண்மையாகவே வெட்டுப்பட்டது. கடைசியில் எழுத்து ஓடும்போது காட்டும் தவறிய காட்சிகளில் அதுவும் வருகிறது.

அந்தத் தவறிய காட்சிகளின் கதை சுவாரசியமானது. 1981-இல் 'தி கேனன்பால் ரன்' என்ற அமெரிக்கப் படத்தில் நடித்தபோது, அதன் இயக்குநர் ஹால் நீடம் படத்தின் முடிவில் சொதப்பல்களைத் தொகுத்துப் போட்டதைப் பார்த்து எடுத்துக்கொண்டார். நீடமும் ஸ்டண்ட்காரராக இருந்து இயக்குநர் ஆனவர். அங்கே அது சிரிப்புக்கு. ஜாக்கி கையில் அது வேறாகிவிட்டது: ஸ்ட்ரெச்சர், ரத்தம், கண்ணைத் திறக்காத ஆள். மேலே அவரே பாடிய உற்சாகமான பாட்டு. சைட் விபத்துப் படங்களை நாங்கள் மீட்டிங்கில் காட்டுவது இப்படிச் செய்யாதே என்பதற்காக. இவர் கைதட்டல் வாங்கக் காட்டுகிறார். நானும் கைதட்டினேன், அதையும் மறைக்க முடியாது.

'போலீஸ் ஸ்டோரி'யே ஒரு ரோஷத்தில் பிறந்ததுதான். அமெரிக்காவுக்குப் போய் 'தி புரொடெக்டர்' என்ற போலீஸ் படத்தில் நடித்தார். அதை எடுத்த விதம் பிடிக்கவில்லை. ஊருக்குத் திரும்பி, போலீஸ் படம் எடுப்பது எப்படி என்று தானே இயக்கிக் காட்டினார். 1986-இல் ஹாங்காங் திரைப்பட விருதுகளில் சிறந்த படம் இதுதான்.

அதே வருடம் யூகோஸ்லாவியாவில் 'ஆர்மர் ஆஃப் காட்' படப்பிடிப்பு. சுவரிலிருந்து மரக்கிளைக்குத் தாவ வேண்டும். முதல் தடவை சரியாகவே வந்தது, அவருக்குத் திருப்தியில்லை. மறுபடி தாவியபோது கிளை முறிந்தது, தலை பாறையில் மோதியது. மண்டை ஓடு உடைந்து அறுவைச் சிகிச்சை செய்தார்கள், ஒரு காதில் கேட்கும் திறன் குறைந்தது. மணிக்கூண்டுக்கும் கம்பத்துக்கும் பக்கத்தில் வைத்தால் அந்தத் தாவல் ஒன்றுமே இல்லை. சைட்டிலும் இதே கதைதான். இருபதாவது மாடியில் நிற்கிறவன் ஜாக்கிரதையாக இருப்பான். ஆறடி ஏணியில் நிற்கிறவன்தான் "இது என்ன பிரமாதம்" என்று சொல்லிவிட்டு விழுவான்.

அதன்பிறகும் அவர் ஓயவில்லை. மூன்றாம் 'போலீஸ் ஸ்டோரி'யில், 1992-இல், ஹெலிகாப்டரிலிருந்து தொங்கும் நூலேணியைப் பிடித்துக்கொண்டு கோலாலம்பூர் வானத்தில் பறந்தார். 1995-இல் வந்த 'ரம்பிள் இன் தி பிராங்க்ஸ்' படப்பிடிப்பில் கணுக்கால் உடைந்தபோது, கட்டுக்கு மேல் ஷூ மாதிரி வரைந்த சாக்ஸை மாட்டிக்கொண்டு நடித்தார். அந்தப் படங்கள் இந்தப் பெட்டியில் இல்லை. 2016-இல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். 2008-இல் 'தசாவதாரம்' இசை வெளியீட்டுக்கு அவர் சென்னை வந்தபோது நான் சிங்கப்பூரில் இரவு ஷிஃப்டில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்தேன், போகட்டும்.

மதிப்பெண் போடச் சொன்னால் படத்தின் தெளிவுக்கு முழு மதிப்பெண். துணைப்படங்களுக்கு பத்துக்கு எட்டு. சேஃப்டிக்கு பூஜ்யம், அதுவும் தயவு பார்த்து. மண்டலச் சிக்கல் இல்லாத பிளேயர் இருந்தால் வாங்குங்கள், பிளேயருக்கும் சேர்த்துச் செலவழிக்கிற அளவுக்கு அவசரம் வேண்டாம். இரண்டு வாரமாக மகன் கைப்பிடிச் சுவர் பக்கம் போனாலே நான் எழுந்து நிற்கிறேன், அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மன்னார்குடி பக்கம் யாருக்காவது பார்க்க ஆசை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்கு வரலாம், டீ உண்டு. வட்டை மட்டும் இரவல் கேட்காதீர்கள்.